ஓங்கில் (டொல்பின்) இறந்து ஒதுங்கினால் கொழுப்பு மாதிரி எடுப்பது எப்படி

மார்கழியில் வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் விடியற்காலையில் எனக்குத் தொலைபேசி வரும். "டீச்சர், நாவலடிப் பக்கம் ஓங்கில் ஒண்டு ஏறிக் கிடக்கு." பெரும்பாலும் கரைவலைக்காரர் யாராவதுதான் எடுப்பார்கள். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் தொழில் இல்லாவிட்டாலும், விடியுமுன் கரையில் ஒரு நடை நடக்காமல் அவர்களால் இருக்க முடியாது. என் அப்பாவும் கரைவலை இழுத்தவர். நான் 24 வருடம் மட்டக்களப்பு கல்லடியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஓங்கில் ஒதுங்கினால் மிருகவைத்தியருக்கும் வனசீவராசிகள் உத்தியோகத்தர்களுக்கும் கைகொடுத்துக் கொழுப்பு மாதிரி எடுப்பது என் வேலையாகிவிட்டது.

என்னோடு வருகிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கரையோரத்தில் இருக்கிற யாருக்கும் இது பயன்படும்.

ஏன் கொழுப்பு

எங்கள் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் மலேரியாக்காரர் வீடு வீடாக வந்து சுவருக்கு மருந்தடிப்பார்களாம். சட்டி பானை, பாய் எல்லாம் முற்றத்துக்கு வரும். சுவர் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் தூள் படிந்திருக்கும். அது டி.டி.ரி. (DDT) என்ற பூச்சிகொல்லி. இந்த நாட்டில் 1940களின் நடுவில் தொடங்கி 1970கள் வரை அடித்தார்கள், பிறகு மலத்தியனுக்கு மாறினார்கள். அது பல உயிரைக் காப்பாற்றிய மருந்து. அதை நான் திட்டமாட்டேன். ஆனால் அது இலகுவில் சிதையாது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மழையோடு ஓடி, வாவிக்குள் இறங்கி, முகத்துவாரம் வெட்டும்போது கடலுக்குப் போய்விடும். சூடான நாட்டில் ஆவியாகிக் காற்றோடு போய்க் குளிர்ந்த துருவப் பக்கத்தில் படியவும் செய்யும்.

பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் இருந்த பிசிபி (PCB) என்ற இரசாயனமும், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் ஒருகாலம் அடித்த எண்டோசல்பானும் இந்தக் கூட்டம்தான். நீடித்து நிலைக்கும் சேதன மாசுகள் என்று பாடநூலில் வரும். 2001 மே மாதம் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் முதலில் 12 பொருட்களைப் பட்டியலிட்டார்கள். எண்டோசல்பான் 2011இல்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நஞ்சருந்தி இறப்பவர்கள் அதிகமானதால் இலங்கை அதை 1998இலேயே தடை செய்துவிட்டது.

கடல்நீரில் இவற்றின் அளவு மிக மிகக் குறைவு. மிதக்கும் நுண்ணுயிர் அதை எடுக்கும், அதைச் சிறு மீன் தின்னும், சிறு மீனைப் பெரிய மீனும் கணவாயும் தின்னும், எல்லாவற்றையும் ஓங்கில் தின்னும். ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தில் தனபே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1980களில் வரி ஓங்கில்களில் அளந்து பார்த்தபோது, கடல்நீரில் இருந்ததைவிட ஏறக்குறைய 1 கோடி மடங்கு பிசிபி இருந்தது. ஓங்கில், திமிங்கில இனங்களின் ஈரலுக்குச் சில வகைப் பிசிபிகளை உடைக்கும் வல்லமையும் குறைவு. உடைக்க முடியாததெல்லாம் தோலுக்குக் கீழே உள்ள கொழுப்புப் படையில் தங்கிவிடும். அதனால்தான் கொழுப்பை வெட்டி எடுக்கிறோம்.

தொடுவதற்கு முன்

முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். ஓங்கில், திமிங்கிலம், கடற்பசு எல்லாம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. செத்துக் கிடந்தாலும் அனுமதியில்லாமல் ஒரு துண்டும் எடுக்கக்கூடாது. கீழே நான் எழுதுவதெல்லாம் உத்தியோகத்தரோ மிருகவைத்தியரோ பக்கத்தில் நிற்க, அவர் சொல்ல, நாங்கள் கைகொடுத்துச் செய்கிற வேலை.

உயிரோடு கிடந்தால் மாதிரி என்ற பேச்சே வேண்டாம். வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள், ஈரச் சீலை போடுங்கள், நிழல் கொடுங்கள். தலைக்கு மேலே உள்ள மூச்சுத்துளையை மூடாதீர்கள், அதற்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. 2020 நவம்பரில் பாணந்துறையில் 100க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரையேறியபோது கடற்படையும் ஊர்ச்சனமும் இரவிரவாகத் தள்ளி, பெரும்பாலானவற்றைக் கடலுக்கு அனுப்பினார்கள். ஆட்கள் சேர்ந்தால் முடியும்.

பெட்டியை ஐப்பசியிலேயே கட்டி வையுங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பிழைவிட்டது இதில்தான்.

2011இல் கல்லடிக் கரையில் ஒரு பெண் ஓங்கில் ஒதுங்கியது. தோல் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு புதிது. வைத்தியர் வெட்டித் தந்த கொழுப்பை நான் லஞ்ச் சீற்றில் சுற்றிச் சொப்பிங் பையில் போட்டு, வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். அன்றிரவும் அடுத்த நாளும் மின்சாரம் இல்லை. ஒரு கிழமை கழித்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த பெண் பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டார்: "டீச்சர், இதன் நீளம் என்ன? பிளாஸ்டிக்கில் சுற்றினீங்களா?" நான் நீளம் அளக்கவில்லை. பிளாஸ்டிக்கில் உள்ள நெகிழ்வூட்டிகள் கொழுப்புக்குள் இறங்கி, கருவியில் வேறு உச்சிகளாக வந்து அளவீட்டைக் குழப்பும் என்பதும் எனக்குத் தெரியாது. அவர்கள் அதை ஏற்கவில்லை. அந்த விலங்கின் வாழ்க்கை முழுவதும் அந்தத் துண்டில் இருந்தது, நான் அதைக் கெடுத்துவிட்டேன். இன்றைக்கும் மனம் பொறுக்காது.

அதன் பிறகு நான் கட்டி வைக்கிற பெட்டி இது.

அலுமினியத் தாள். ஆய்வுகூடத்தில் கேட்டால் 450 பாகை செல்சியஸில் சில மணி நேரம் சுட்டுத் தருவார்கள். அது முடியாவிட்டால் அசற்றோனால் ஒருமுறை, ஹெக்சேனால் ஒருமுறை அலசிக் காயவிட்டுத் தருவார்கள். தாள்களை மடித்து இன்னொரு சுத்தமான தாளுக்குள் சுற்றி வைப்பேன். மங்கிய பக்கம் கொழுப்பில் படவேண்டும். கண்ணாடிப் போத்தல் கொடுத்தால் இன்னும் நல்லது, ஆனால் மூடிக்கு உள்ளே தாள் போட்டு மூட வேண்டும்.

துருப்பிடிக்காத உருக்குக் கத்தி இரண்டு, இடுக்கி ஒன்று. சவர்க்காரம், தண்ணீர், அசற்றோன், ஹெக்சேன் என்ற ஒழுங்கில் கழுவித் தாளில் சுற்றி வைப்பது. நகப்பூச்சு அகற்றும் திரவத்தை அசற்றோனுக்குப் பதிலாக எடுக்காதீர்கள், அதில் வாசனையும் நிறமும் கலந்திருக்கும். இரண்டு திரவமும் சட்டெனத் தீப்பற்றும். குப்பி விளக்கு, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது.

தூள் பூசாத கையுறை, ஆளுக்கு இரண்டு சோடி. அளவு நாடா. மில்லிமீற்றர் போட்ட சிறிய உருக்கு அளவுகோல். பென்சில், தடித்த கடதாசித் துண்டுகள். பேனை மை கொழுப்பிலும் திரவத்திலும் கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். ஐஸ் போட ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டி ஒன்று. மீன் ஏற்றிய பழைய பெட்டியை எடுக்காதீர்கள், மண்ணெண்ணெய் மணத்தால் அந்தப் பெட்டியில் போகும் எல்லாமே கெட்டுவிடும்.

போகும் நாளில் கைக்குக் கிறீம், நுளம்பு எண்ணெய் எதுவும் பூசிக்கொண்டு வராதீர்கள். ஒரு தம்பி ஒருநாள் வள்ளத்து எஞ்சினைப் பார்த்துவிட்டு நேரே வந்தார். அவரை எழுதும் வேலைக்கு விட்டேன்.

எழுதுவதுதான் பாதி வேலை

கத்தியை எடுக்க முன் எழுதுங்கள். திகதி, நேரம், இடம், கண்டவர் யார். இடத்துக்குத் தொலைபேசியில் வருகிற அகலாங்கு நெட்டாங்கைக் குறித்தால் போதும், ஆனால் ஊர்ப் பெயரும் வேண்டும். "புதுமுகத்துவாரத்துக்குத் தெற்கே, சவுக்கந்தோப்புக்கு நேரே" என்று எழுதினால் 10 வருடம் கழித்தும் விளங்கும்.

படம் எடுங்கள். முழு உடல் ஒரு பக்கத்திலிருந்து, முதுகுச் செட்டை, தலை, திறந்த வாய், வால், வயிற்றுப்புறம். அருகில் ஓர் அளவுகோல் தெரியவேண்டும். எங்கள் பக்கத்தில் அதிகம் வருவது சுழன்று குதிக்கிற ஓங்கில். நீண்ட மெல்லிய மூஞ்சி, ஒவ்வொரு தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் 40க்கு மேற்பட்ட நுண்ணிய பற்கள். வாய் மொட்டையாக, கீழ்த்தாடையில் மட்டும் சில சோடிப் பற்கள், உடலெல்லாம் வெள்ளைக் கீறல்கள் என்றால் அது ரிசோ ஓங்கில். இனம் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள், பற்களை எண்ணி எழுதுங்கள்.

நீளம்: மேல்தாடை நுனியிலிருந்து வாலின் நடுப்பள்ளம் வரை, நேர்கோட்டில். உடலின் வளைவோடு நாடாவைப் படியவிட்டால் கூடுதலாகக் காட்டும். இருவர் நாடாவை நிலத்துக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள்.

ஆணா பெண்ணா: வயிற்றுப்புறத்தில் நீண்ட பிளவும், அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி மலவாயும் தனித்தனியாகத் தெரிந்தால் ஆண். ஒரே நீண்ட பிளவு, அதன் இருபக்கமும் சிறு சிறு பிளவு ஒவ்வொன்று என்றால் பெண். அந்தச் சின்னப் பிளவுகளுக்குள்தான் முலைக்காம்பு.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஆண் ஓங்கில் வாழ்நாள் முழுக்க மாசைச் சேர்த்துக்கொண்டே போகும். பெண்ணோ முதல் குட்டி ஈன்றதும் தன் கொழுப்பிலிருந்த மாசின் பெரும்பகுதியைப் பாலோடு குட்டிக்குக் கொடுத்துவிடும். ஓங்கில் பால் கெட்டியான கொழுப்புப் பால், அதனால் மாசும் கூடவே போகும். தலைச்சன் குட்டிக்குத்தான் அதிகம். நான் இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள், இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுதான் தொடர்வேன். நீளமும் ஆண்பெண்ணும் எழுதாத மாதிரியில் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அது குட்டி ஈன்ற தாயா, ஈனாத குமரியா, கிழட்டு ஆணா என்று தெரியாமல் அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது?

கடைசியாக, உடலின் நிலை. அதற்கு 1 முதல் 5 வரை ஓர் எண். 2 என்றால் புதிதாக இறந்தது: கண் தெளிவு, தோல் மினுக்கம், மணம் இல்லை. 3 என்றால் வீங்கத் தொடங்கி, தோல் உரிந்து, நாக்கு வெளியே தள்ளியிருக்கும். 4 என்றால் அழுகிக் குலைந்தது. 5 என்றால் எலும்பும் காய்ந்த தோலும். உயிரோடு இருப்பதுதான் 1. மாசு அளக்க 2 மிக நல்லது, 3ஐயும் குறிப்போடு எடுக்கலாம். 4க்குப் போனால் கொழுப்பு உருகி ஒழுகிவிடும், அதை எடுத்துப் பிரயோசனமில்லை. எங்கள் வெயிலில் 2இலிருந்து 3க்குப் போக அரை நாள் போதும், அதனால்தான் விடியற்காலைத் தொலைபேசிக்கு நான் எழும்பி ஓடுவது.

வெட்டுதல்

இறந்த உடலில் புரூசெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். கையில் காயம் உள்ளவர்கள் விலகி நில்லுங்கள். இரண்டு கையுறை, முகக்கவசம், கண்ணாடி. பெரிய திமிங்கிலம் வீங்கிக் கிடந்தால் யாரும் கிட்டப் போகவேண்டாம், வாயு அடைத்த உடல் வெடிக்கும்.

எடுக்கும் இடம் எப்போதும் ஒன்றாகவே இருக்கவேண்டும்: முதுகுச் செட்டைக்குச் சற்றுப் பின்னால், இடது பக்கம். உடலின் வெவ்வேறு இடங்களில் கொழுப்பின் தன்மை மாறும். ஒருவர் கழுத்திலும் இன்னொருவர் வால்பக்கத்திலும் எடுத்தால் ஒப்பிட முடியாமல் போகும்.

அந்த இடத்தில் முதலில் மணலைக் கழுவித் துடையுங்கள். தோலிலிருந்து நேரே கீழே, தசை தெரியும் வரை வெட்டவேண்டும். மேற்படை, நடுப்படை, உட்படை மூன்றும் ஒரே துண்டில் வரவேண்டும், ஏனென்றால் தோலை ஒட்டிய கொழுப்பு பழையது, தசையை ஒட்டியது வேகமாக மாறுவது. மேலே சுரண்டி எடுத்தால் பாதிக் கதைதான் வரும். தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவு போதும். வெட்டின வாயில் அளவுகோலை வைத்துக் கொழுப்பின் தடிப்பை மில்லிமீற்றரில் எழுதுங்கள். பட்டினி கிடந்து மெலிந்த விலங்கில் கொழுப்பு கரைந்திருக்கும், மாசு கரையாது. மிச்சக் கொழுப்பில் செறிவு ஏறித் தெரியும். தடிப்பு எழுதியிருந்தால்தான் அதைக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது கத்தியால் துண்டின் வெளிப்பக்கங்களைச் சீவிவிட்டு, நடுப்பகுதியை இரண்டாக்குங்கள். ஒன்று அ, மற்றது ஆ. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் இரண்டு சுற்று. பென்சிலால் எழுதிய சீட்டைத் தாளுக்கு வெளியே வைத்து, அதற்கு மேலே பை. பிளாஸ்டிக் பை வெளிப்போர்வையாக இருப்பதில் பிழையில்லை, கொழுப்பில் படக்கூடாது, அவ்வளவுதான். வெறும் தாள் ஒன்றைக் கரையில் விரித்து வைத்துவிட்டு அதையும் மடித்து மாதிரிகளோடு அனுப்புங்கள். கரையில், பெட்டியில், கையில் இருந்து ஏதும் ஒட்டியதா என்பதை ஆய்வுகூடம் அதில் பார்த்துக்கொள்ளும்.

ஒரு விலக்கு. நீர் ஒட்டாத பூச்சுகளிலும் தீயணைப்பு நுரையிலும் இருக்கும் புளோரின் சேர்வைகள் இந்தக் கூட்டத்தில் இருந்தாலும் குணம் வேறு. அவை கொழுப்பை விட்டுப் புரதத்தில் ஒட்டும். அவற்றுக்கு ஈரல் வேண்டும், தாளும் கண்ணாடியும் வேண்டாம், பொலிபுரொப்பிலீன் குப்பிதான் சரி. வைத்தியர் ஈரல் எடுத்தால் அந்தக் குப்பியையும் கொடுத்துவிடுங்கள்.

குளிரில் வைத்தல்

சந்தைப் பக்கத்து ஐஸ் பரவாயில்லை, உருகின தண்ணீர் மாதிரியைத் தொடாதபடி இரட்டைப் பைக்குள் இருந்தால். அன்றைக்கே கழித்தல் 20 பாகை செல்சியஸில் உறையவைக்கவேண்டும். வீட்டுப் பெட்டியின் மேல்தட்டு வேண்டாம், அடிக்கடி திறந்து மூடுவதில் உருகி உறையும். எனக்கு இப்போது ஐஸ்கிறீம் கடைக்காரர் ஒருவர் தன் டீப் ஃபிரீசரில் ஒரு மூலை தந்திருக்கிறார். அவர் மகன் என் மாணவன். மின்சாரம் போனால் "எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்திச்சு" என்று மூடியில் ஒட்டிய தாளில் அவரே எழுதிவைப்பார்.

உடலை உயர்நீர் மட்டத்துக்கு மேலே, கிணறுகளுக்குத் தூரத்தில், ஆழமாகப் புதைக்கப் பிரதேச சபைக்குச் சொல்லுங்கள். நாய் தோண்டாத ஆழம் வேண்டும்.

எண் வந்த பிறகு

அறிக்கையில் முதலில் பாருங்கள், ஈர நிறைக்கா கொழுப்பு நிறைக்கா என்று. ஈர நிறையில் கிலோகிராமுக்கு 5 மில்லிகிராம், துண்டில் கொழுப்பு 50 வீதம் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு நிறையில் அது 10. இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது இரண்டும் கொழுப்பு நிறையில் இருக்கவேண்டும்.

பிசிபிக்கு ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எடுத்துப் பேசுகிற எல்லை கொழுப்பு நிறையில் கிலோகிராமுக்கு 17 மில்லிகிராம். அதற்கு மேல் நோயெதிர்ப்பும் இனப்பெருக்கமும் பாதிக்கப்படலாம் என்ற அச்சம். பால்டிக் கடல் சீல்களிலிருந்து எடுத்த மேல் எல்லை 41. 2016 ஜனவரியில் ஸ்கொட்லாந்தின் ரைறீ தீவில் லூலு என்ற கொலைத்திமிங்கிலம் மீன்பிடிக் கயிறு சிக்கி இறந்து ஒதுங்கியது. அதன் கொழுப்பில் 957. 20 வயதளவு இருக்கும், ஒரு குட்டியும் ஈன்றதில்லை. குட்டிக்குக் கொடுத்துக் குறைக்க வழியில்லாமல் எல்லாம் அதனிடமே தங்கியது.

டி.டி.ரி. பகுதியில், மொத்தத்தில் டி.டி.ஈ. எவ்வளவு பங்கு என்று வகுத்துப் பாருங்கள். டி.டி.ரி. உடலிலும் மண்ணிலும் மாறி வருவதுதான் டி.டி.ஈ. பங்கு 0.6க்கு மேலே இருந்தால் பழைய டி.டி.ரி. என்று எடுப்பார்கள், அதாவது அம்மா சொன்ன சுவர்க் காலத்துச் சரக்கு. மிகக் குறைந்திருந்தால் எங்கிருந்தோ புதிதாக வருகிறது, அப்போது பிந்தவேண்டாம், அறிக்கையை உரிய அதிகாரிகளிடம் கொடுங்கள்.

கரையில் கூடுகிறவர்களுக்கு இரண்டு விடயம் கட்டாயம் சொல்வேன். முதலாவது, ஓங்கில் கொழுப்பை எண்ணெய்க்கென்று கேட்டு வரும் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழங்கால் வலிக்குத் தடவ என்பார்கள். "அப்பச்சி, மாசெல்லாம் குடியிருக்கிற இடமே அதுதான்" என்று சொல்லி அனுப்புவேன். தலைமுறை தலைமுறையாகத் திமிங்கிலம் உண்ட பரோ தீவுகளிலேயே 2008இல் அங்குள்ள தலைமை வைத்தியர்கள், பாதரசமும் பிசிபியும் இருப்பதால் அந்த இறைச்சியையும் கொழுப்பையும் இனி உண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது, இதைக் கேட்டுவிட்டு மீன் வாங்கப் பயப்படாதீர்கள். நெத்தலியும் சூடையும் குறுகிய காலம் வாழ்கிற சின்ன மீன்கள், உணவுச் சங்கிலியின் கீழ்ப்படியில் உள்ளவை. 20, 30 வருடம் சேர்த்துவைத்த ஓங்கிலோடு அவற்றை ஒப்பிட முடியாது.

அறிக்கையின் பிரதி ஒன்றை, முதலில் தொலைபேசி எடுத்த கரைவலைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்களுடைய வாடியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். நான் போன தடவை வாசித்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப அந்தக் குட்டிக்கு எவ்வளவு இருந்திருக்கும், டீச்சர்?" தாயோடு ஒதுங்கிய குட்டியில் நாங்கள் மாதிரி எடுக்கவில்லை. இனி இரண்டும் ஒதுங்கினால் இரண்டிலும் எடுப்போம். அதற்கென்று பெட்டியில் இன்னொரு சோடித் தாள் வைத்திருக்கிறேன்.